அண்ணி சொன்ன இடுப்பளவு

எங்கள் அண்ணி பருமனான பெண்களுக்கென்றே டாப்ஸ் தைக்கிறவள். பிரித்துப் பார்த்தாலும் உள்ளே ஒரு பிசிறு இருக்காது. வாரத்துக்கு ஒருமுறை கடையிலிருந்தே லைவ் போடுவாள். தைத்ததைத் தானே போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிக் காட்டுவாள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நாத்தனாராகிய என் தலையெழுத்து.

ஆரம்பத்திலேயே எவளோ ஒரு புண்ணியவதி, ‘பீப்பாய்க்கு உறை போட்ட மாதிரி இருக்கு’ என்று கமெண்ட் போட்டாள். அன்றைக்கு அண்ணி சாப்பிடவே இல்லை. மறுவாரம் இடுப்பைச் சிறுக்க வைக்கும் ஃபில்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டாள். போனில் பார்த்தால் எனக்கே ஆளை அடையாளம் தெரியவில்லை. பின்னாலிருந்த கதவுச் சட்டம்கூட அவள் பக்கமாக வளைந்து தெரிந்தது.

லைவை ஊரே பார்த்தது. வாங்கத்தான் ஆளில்லை. ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில், வாராவாரம் பார்க்கிற ஒரு பெண் கடைக்கே வந்தாள். எங்களைவிட நல்ல பெரிய உடம்பு. டாப்ஸை விரித்துப் பார்த்தவள் வாயைப் பிளந்தாள்.

“அக்கா, இது எனக்கே சேரும் போலிருக்கே! போன்ல பாத்துட்டு, நமக்கெல்லாம் எங்கன்னு விட்டுட்டேன்!”

அட கஷ்டகாலமே! ஃபில்டர் அண்ணியோடு துணியையும் சேர்த்துச் சுருக்கியிருக்கிறது.

அவள் போனதும், “அந்தக் கருமத்தை நிறுத்துங்க அண்ணி” என்றேன்.

“முடியாது. அந்தப் பேச்சை நீ வாங்கிப் பாரு, தெரியும்.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

அடுத்த லைவ் தொடங்கும் நேரம். “ஃபில்டரை எடுத்துடு” என்றாள். “அந்தப் பொண்ணு சொன்னது காதுலயே நிக்குது.”

எடுத்தேன். கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். வயிற்றை எக்கவில்லை.

“இத்தனை நாள் நீங்க பாத்த இடுப்பு பொய். என் இடுப்பு நாப்பத்திரெண்டு. எனக்கே இது தொளதொளன்னு இருக்கு, பாருங்க.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தத் தைரியம் இவளுக்குள் எங்கே இருந்தது?

திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. போச்சு என்று நினைத்தேன். பிறகு வெறும் எண் ஒன்று வந்தது: 46. அடுத்து 39. 50. 44. அடேயப்பா! முகம் தெரியாத பெண்கள், புருஷனிடம்கூடச் சொல்லாத அளவையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். நிற்கவே இல்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இஞ்சு டேப்பைக் கண்டாலே நழுவுகிறவள் நான். என்னை மீறிப் போனுக்குப் பின்னாலிருந்து கத்தினேன்:

“எனக்கு நாப்பத்தெட்டு!”