வயிற்றில் மூன்று முத்து

புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டும் என்பார்கள். அந்த வித்தை எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. பரீட்சை மார்க்கிலிருந்து காலியான பால்பவுடர் டப்பா வரைக்கும் சமாளித்துவிடுவேன். ஒன்பது வயதில் சொன்ன ஒரு பொய் மட்டும் இன்றுவரை என்னை இருந்த இடத்தில் இருக்கவிடுவதில்லை.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய். வீட்டில் அந்தப் பேரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'ரத்தத்தில் கோளாறு' என்பதோடு சரி. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் மருந்து ஏற்றிவிட்டு, பத்து நாள் வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். அந்த நாட்களில் அம்மா உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அவன் நெற்றியைத் தொடுவாள், தெர்மாமீட்டரை உதறுவாள், அவன் டம்ளரை வெந்நீரில் போடுவாள், மறுபடியும் நெற்றியைத் தொடுவாள். கிருமிக்குப் பயந்து அப்பா ஆடுகளைக்கூடப் பெரியம்மா வீட்டுத் தொழுவத்துக்கு மாற்றிவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வந்ததும் அம்மா வாசலிலேயே மறிப்பாள்.

"ஏட்டி, ஒங் கிளாஸ்ல யாருக்காவது அம்மை போட்டிருக்கா?"

அவனுக்கு அம்மை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் இல்லை என்பேன். என் பெஞ்சிலேயே இரண்டு பேர் அம்மை போட்டு வராமல் இருந்தார்கள். சொன்னால் என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பி வந்திருக்கும்போது அங்கே போய் ஆட்டுக்குட்டியோடவா விளையாடுவது?

திங்கட்கிழமை என் வயிற்றில் மூன்று முத்து தெரிந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தம்பியோடு தாயம் ஆடப் போனேன். தோற்கும்போதெல்லாம் அவன் கட்டத்தை அழித்துவிட்டு, மொட்டைத் தலையை என் மடியில் முட்டிக்கொண்டு சிரிப்பான்.

வியாழக்கிழமை காலையில் என்னைக் குளிப்பாட்டும்போது அம்மா பார்த்துவிட்டாள். கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது.

"ஏட்டி, என்னைக்கு வந்துச்சு இது?"

அந்தக் குரலுக்கு அடி நிச்சயம். "இன்னைக்குத்தாம்மா. சாமி சத்தியமா."

அதற்குப் பிறகு அவள் என்னைத் தொடவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தூங்கிக்கொண்டிருந்த தம்பியைப் போர்வையோடு தூக்கினாள். அப்பா பைக்கை எடுத்தார். சேதி கேட்டு வேப்பிலையோடு ஓடிவந்த பெரியம்மா வாசலை மறித்தாள்.

"ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கா. படி தாண்டாதட்டி, கோவிச்சுக்கிடுவா."

"கோவிச்சா எம்மேல கோவிச்சுக்கிடட்டும்க்கா. வழிய விடு."

பைக் கோவில்பட்டி ரோட்டில் ஏறி மறைகிற வரைக்கும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் அம்மை போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் அவரவர் அம்மாதான் பக்கத்தில் இருந்து வேப்பங்கொத்தால் விசிறுவாள். எனக்குப் பெரியம்மா விசிறினாள். மகன் என்றால்தான் ஓடுவாள் என்று அம்மாவைக் கருவிக்கொண்டு கிடந்தேன்.

மதுரையில் தம்பிக்கு அம்மை வராமலிருக்க ஊசி போட்டார்கள். அப்படியும் இரண்டு வாரத்தில் அவனுக்கு அம்மை கண்டு நுரையீரல் வரை இறங்கிவிட்டது. புற்றுநோய்க்கான மருந்தையே நிறுத்தவேண்டியதாயிற்று. எத்தனையோ நாள் மூச்சுக்குத் தவித்துத்தான் பிழைத்தான். இன்றைக்கு என்னைவிட ஒரு சாண் உயரம்.

அம்மைக்காரரோடு பழகிய நாளிலிருந்து எண்ணி, அந்த ஊசிக்கு நாள் கணக்கு உண்டு என்பது, என் மகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. முத்து மூன்று நாள் முன்பே கண்டது என்று தெரிந்திருந்தால், ஊசியோடு விடாமல் அன்றைக்கே வேறு மருந்தும் சேர்த்திருப்பார்களாம். அவ்வளவு அவசரத்திலும் அம்மா என் வார்த்தையை நம்பி, அதை அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குப் படி தாண்டிப் போனவள் ஒன்றரை மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெளியே இழுத்து, சட்டையைத் தூக்கி, வயிற்றுத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தாள். அடி விழவில்லை. தப்பித்தோம் என்று பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன்.