நான் வெட்டிய வரிசை

சனிக்கிழமை காலையில் என் தங்கையை மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவன் நான். இன்னொருவர் கீழ்வீட்டுப் பேருந்து ஓட்டுநர். அவர் வேலைக்குப் போகும் நாள்களில் தங்கை வெளியே போனதில்லை. மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் லிப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படிகள். நான் முப்பது ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தவன். எதையும் எண்ணிவிடுவது அங்கே வந்த பழக்கம்.

போன ஆண்டு என் முதுகெலும்பு இரண்டு இடங்களில் நழுவியிருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். அறுவைக்கு நான்கு மாதம் கழித்து நாள் கொடுத்தார்கள். "அதுக்கப்புறம் பத்துக் கிலோ அரிசி மூட்டகூடத் தூக்கக் கூடாது அங்கிள்" என்றார் டாக்டர். தங்கை நாற்பத்தொரு கிலோ.

ஜொகூரில் இருக்கும் தம்பி அந்த வாரமே ரவாங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தைக் கண்டுபிடித்தான். "நல்ல எடம் அண்ணே. ஒரு கட்டில் காலியா இருக்கு. விட்டா வேற கெடைக்காது லா" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தம்பி என்னிடம் கேட்டான், நான் என் மனைவியிடம் கேட்டேன். போகப்போகிறவளிடம் யாரும் கேட்கவில்லை.

தங்கைக்கு நாற்பத்து நான்கு வயது. பிறப்பின்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கையும் காலும் அவள் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். வீட்டில் அவள் பெயர் இன்றும் பாப்பாதான். ஆமாம் என்றால் கண்களை மேலே உயர்த்துவாள். இல்லை என்றால் தலையை இடப்பக்கம் திருப்புவாள். சோறா, டீவியா, பாத்ரூமா என்று நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவோம். எங்கள் அம்மா மூன்றாவது கேள்வியிலேயே சரியான இடத்துக்கு வந்துவிடுவார். அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் எனக்கு ஏழெட்டுக் கேள்விகள் தேவைப்பட்டன. அத்தனை ஆண்டுகளில் தங்கை எங்களை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவளுக்கு அதற்கு வழி இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்க எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் கூட்டத்தைப் பற்றி மருத்துவமனையில்தான் சொன்னார்கள். வாயால் பேச முடியாதவர்கள், படப்பலகையாலும் கருவியாலும் பேசுகிறவர்கள் கூடும் இடம். கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை வந்து, அங்கிருந்து சேலைக் கடைகளின் முன்னால், நடைபாதையில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்களுக்காக ஐந்து முறை சாலையில் இறங்கி ஏறி, ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்துக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனேன். முதல் நாள் பதினோரு பேர் இருந்தார்கள். ஏழு சக்கர நாற்காலிகள். சுவரோரம் ஒரு அலமாரி. அதில் பிளாஸ்டிக் உறையிட்ட படப்பலகைகள், கண்ணால் சுட்டுவதற்கான கண்ணாடிபோன்ற சட்டங்கள், ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கிப் போகக்கூடிய நான்கு டேப்லெட்டுகள், நூலகத்தில் இருப்பதுபோல் கையெழுத்துப் போட ஒரு நோட்டு. பலகைகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. ஒன்றில் பனிமனிதன் படம் இருந்தது.

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற பேச்சுப் பயிற்சியாளர். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான். ஒருவரைக் கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்குள் யாரும் அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது, அவர் தொடங்கியதை முடித்துக் கொடுக்கவும் கூடாது. கூட வந்தவர்கள் நாற்காலிக்குப் பின்னால் உட்கார வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் நான் இரண்டு முறை விதியை மீறினேன்.

"அண்ணே, நீங்க ரிப்போர்ட்டரா?" என்று டீச்சர் கேட்டார்.

"செய்திப் பிரிவுல இருந்தேன்."

"அதான் பார்த்தேன். அடுத்தவங்க சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே தலைப்பு போட்டுடுறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த முன்னாள் லோரி ஓட்டுநர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையை எடுத்துவிட்டவர். கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டுவார். தமிழ்நாட்டுச் செய்தி வாசிப்பாளர்போல ஒரு பெண்குரல் அதைப் படிக்கும். அவர் தட்டினார். "நாப்பது வருசம் பினாங்கு ரூட்டு. இப்ப பொம்பளக் கொரலு. ரோட்டுல எவனையும் திட்ட முடியல பாஸ்" என்றது பெண்குரல், மிகுந்த மரியாதையோடு.

தமிழ்ப் பலகை இல்லையே என்று நான் சொன்னதும் டீச்சர் என்னையே செய்யச் சொன்னார். தங்கையால் வலதுகை முட்டியால் ஓரளவு சுட்ட முடியும் என்பதால் கட்டங்கள் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாளிதழ்ப் பக்கத்தைப்போல் ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம் என்று திட்டமிட்டேன். சோறு, தண்ணீர், தோசை, மைலோ, கோயில், குளியல், தலைவலி, அண்ணன், அண்ணி, நன்றி. ஒவ்வொன்றுக்கும் படம். தாளில் அடங்கவில்லை. நாளிதழில் செய்தி நீளமாகிவிட்டால் கடைசிப் பத்தியை வெட்டுவோம். முக்கியமானது மேலே வந்திருக்கும், கீழே இருப்பது போனால் நட்டமில்லை. கையே அதைச் செய்துவிட்டது. கடைசி வரிசையை எடுத்தேன். ஆறுக்கு ஆறாக, பார்க்க அழகாக வந்தது. உறையிட்டு எடுத்துப்போனேன்.

இரண்டாவது கூட்டத்தில் பலகை கைமாறிச் சுற்றியது. லோரி ஓட்டுநர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தட்டினார். "சாப்பாட்டுக் கடை மெனு நல்லா இருக்கு. சண்ட போடணும்னா எந்தக் கட்டம்?"

டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "கேள்வி கேக்கற சொல்லு எங்கண்ணே?"

"இடம் பத்தல. கடைசி வரிசைல இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"என்னென்ன இருந்துச்சு?"

சொன்னேன். ஏன், எங்கே, எப்போது, வேண்டாம், இன்னும், போதும். சொல்லச் சொல்ல என் குரல் இறங்குவது எனக்கே கேட்டது. தங்கை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மாற்றினேன். நன்றியையும் கோயிலையும் இன்னும் நான்கு படங்களையும் எடுத்துவிட்டு, வெட்டிய வரிசையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். முதல் வாரம் அவள் முட்டி முதலில் அங்கேதான் போனது. 'ஏன்' என்று சுட்டுவாள். என் மனைவியைப் பார்ப்பாள். மனைவி லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் நிற்பவள். மாலை வீட்டுக்கு வந்ததும் கேள்வி தொடங்கிவிடும். ஏன், அண்ணி, கால். "ஏன்னா காலையிலேர்ந்து நிக்கிறேன் பாப்பா, வீங்காம என்ன செய்யும்" என்று அவள் சலித்துக்கொள்வாள். பிறகு எண்ணெய் தேய்த்தபடி கடைக் கதையெல்லாம் சொல்வாள்.

ரவாங்கைப் பற்றி மட்டும் நாங்கள் பேசவில்லை. 'சும்மா பார்த்துட்டு வருவோம்' என்று சொல்லித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனோம். தம்பி கார் கொண்டுவந்திருந்தான். இடம் சுத்தமாக இருந்தது. பதினான்கு கட்டில்கள், அகலமான கதவுகள், ஒரு படிகூடக் கிடையாது. இல்லப் பொறுப்பாளர் ஜன்னலோரக் கட்டிலைத் தட்டி, "இதான் உங்களுக்கு வச்சிருக்கோம்மா" என்றார். நான் தங்கையைப் பார்க்கவில்லை. பலகை காரிலேயே இருந்துவிட்டது. மறந்துவிட்டேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

மூன்றாவது கூட்டத்தில் டீச்சர் ஒவ்வொருவரிடமும் இந்த மாதம் என்ன செய்தி என்று கேட்டுக்கொண்டே வந்தார். தங்கையின் முறை வந்தது. அவள் முட்டி பலகையில் 'நான்' மேல் விழுந்தது. கை நடுங்கி நழுவியது. மறுபடி தூக்கினாள். 'தூங்கு'. பிறகு மேல் வரிசைக்கு எட்டுவதற்கு உடம்பே நாற்காலியில் முன்னால் வந்தது. 'எங்கே'.

சுட்டுவதை உரக்கப் படிப்பது டீச்சரின் வேலை. "நான். தூங்கு. எங்கே" என்று படித்தார். தங்கை கழுத்தைத் திருப்பி, நாற்காலிக்குப் பின்னால் இருந்த என்னைத் தேடினாள்.

யாரும் பேசவில்லை. அங்கே அதுதான் விதி. பதில் சொல்ல வேண்டியவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். அவருக்காக வேறொருவர் பேசக் கூடாது. லோரி ஓட்டுநர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். வாய் இருக்கும் ஒருவனுக்காக அந்த அறை காத்திருந்தது. பத்தைத் தாண்டி எவ்வளவோ போயிருக்கும். அன்று நான் எண்ணவில்லை.

"ரவாங்ல, பாப்பா" என்றேன்.

'வேண்டாம்.' உடனே அதே வரிசையில்: 'ஏன்.'

"அண்ணனுக்கு முதுகு ஆப்பரேசன். ஒன்னத் தூக்க முடியாது. மூணு மாடி இருக்கு."

அவள் முட்டி கீழே இறங்கி நெடுநேரம் அலைந்தது. 'கீழே'. 'வீடு'.

"கீழ்வீடு பார்த்தோம் பாப்பா. கெடைக்கல."

'இன்னும்.'

அதை எப்படி முழு வாக்கியமாக்குவது என்று எனக்குத் தெரியும். ஆக்காமல் தலையசைத்தேன். அதற்குமுன் அவள் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் தவித்த நாள்கள் பல உண்டு. அந்தத் தவிப்பு எவ்வளவு வசதியானது என்பது அன்றுதான் தெரிந்தது.

இன்னும் தேடினோம். ஐந்து வாரத்தில் ஒன்பது கீழ்வீடுகள். இரண்டு வீடுகளில் குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. ஒரு வீட்டுக்காரம்மா வாசலில் தங்கையைப் பார்த்ததும், "ஐயோ, நேத்துதான் வேற ஆளுக்குக் கொடுத்தேன் தம்பி" என்றார். வாடகைக்கு என்ற அட்டை அடுத்த வாரமும் அந்தக் கேட்டில் தொங்கியது. ஒவ்வொரு மாலையும் அவள் 'வீடு', 'எங்கே' என்று கேட்டாள். ஒவ்வொரு மாலையும் பதில் சொன்னேன். அறுவைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தம்பி கூப்பிட்டான். "அண்ணே, கட்டில இனிமே புடிச்சு வைக்க மாட்டாங்களாம்." சரி என்று சொல்லிவிட்டேன்.

தங்கையிடமும் சொன்னேன். அவள் பலகையைத் தொடவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பிக்கொண்டாள், பழைய முறையில்.

போகும் நாளுக்கு முந்தைய மாலை மனைவி பலகையின் கீழ் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ரவாங் என்று எழுதினாள். "அங்க இருந்துக்கிட்டு அந்த எடத்தப் பத்தி எதுவும் சொல்லணும்னா வேணும்ல" என்றாள். காலையில் நானும் பேருந்து ஓட்டுநரும் தங்கையைக் கீழே இறக்கினோம். அவர் வேட்டிப் பழக்கமில்லாதவர். அன்று கோயிலுக்குப் போக வேட்டி கட்டியிருந்ததால் ஒவ்வொரு மாடியிலும் நின்று மடித்துக் கட்டினார். தங்கை அதற்குச் சிரித்தாள்.

அறுவை முடிந்து, இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ரயிலில் போகிறேன். முதல் முறை போனபோது பலகை அலமாரியின் மேல் இருந்தது. ஊட்டும்போது இடைஞ்சலாக இருப்பதால் எடுத்து வைப்பார்களாம். பிறகு திரும்ப வைக்க மறந்துவிடுமாம். இருப்பது பதினான்கு பேருக்கு இரண்டு பணிப்பெண்கள். நல்ல பெண்கள், ஓடிக்கொண்டே இருப்பவர்கள். பத்து எண்ணும் விதியை அவர்களுக்கு விளக்கினேன். "சரிங்க அங்கிள், கண்டிப்பா" என்றார்கள். பலகையை எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தேன். 'வீடு', 'எப்போது' என்றாள். டாக்டர் சொல்லணும் பாப்பா என்றேன். அது உண்மையல்ல. டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் பலகை அலமாரியின் மேல்தான் இருந்தது. கை உயர்த்தக் கூடாது என்பதால் ஒரு பணிப்பெண்ணைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னேன். துடைத்து வைத்திருந்தார்கள். மேல் வரிசையில் முட்டி பட்டுப்பட்டு வீட்டில் படிந்திருந்த அழுக்குகூட இல்லை.