அப்பா மூழ்கித்தான் செத்திருக்க வேண்டும்

அப்பா எப்படி இறந்தார் என்று டாக்டர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. கடல் எடுத்துக்கிச்சு சார் என்றேன். காசிமேட்டுப் பக்கம் எங்கள் குப்பத்தில் அது முழுமையான பதில். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். டாக்டர் கேட்டார். மூழ்கினாரா, நெஞ்சு வலியா, திடீரென்று சரிந்து விழுந்தாரா என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அப்போது எனக்கு ஆறு வயது, பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு வாங்கிக்கொண்டு நின்றேன், யாரோ வந்து இழுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் தெரியும் என்றேன். அம்மாவைக் கேளுங்கள் என்றார். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் வேலை எனக்கு. ஒருநாள் அடுக்கின் மேல் ஏறும்போது மூச்சு முட்டி, பாதி ஏணியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றதால்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தேன். ஸ்கேனில் இதயத்தின் சுவர் தடித்திருந்தது. வாழ்நாளில் என் உடம்பில் தொப்பையைத் தவிர வேறொன்று தடித்திருப்பது அதுதான் முதல் தடவை என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"பிரஷரால தடிச்சிருக்கலாம், அப்படின்னா மாத்திரை போதும்," என்றார். "பரம்பரையா வர்ற வகைன்னா விஷயம் வேற. உங்க பொண்ணையும் பாத்தாகணும். ஓட்டம், ஆட்டமெல்லாம் நிறுத்தணும். அதுக்குத்தான் அப்பா எப்படிப் போனார்னு கேக்கறேன்."

என் மகள் கால்பந்து ஆடுகிறாள். காலேஜ் டீமில் நடு வரிசை. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட ஓடுவாள். அப்படியானால் அப்பா மூழ்கித்தான் செத்திருக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது, என்னைப் பெற்றவர் மூச்சுத் திணறித் தண்ணீர் குடித்துச் செத்திருக்க வேண்டும் என்று வழியிலிருந்த சாமிகளுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தேன். அப்படி வேண்டிக்கொண்ட மகன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

வீட்டுக்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேசாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துவிடு என்றாள். புத்தியுள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள். நான் அதற்குப் பதில் யார்டு ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மூழ்கியதற்கு ஓர் ஆதாரம் கிடைத்தால் போதும், பெண்ணிடம் வாயே திறக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

குடும்ப வரலாற்றை இணையத்தில் தேடுவது எப்படி என்று பாடம் எடுக்கும் வீடியோக்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். பெயரை மேற்கோள் குறிக்குள் போடு என்றார்கள். போட்டேன். அப்பாவுக்கு முருகனுடைய பெயர்களில் ஒன்று. தமிழ்நாட்டு மலையெல்லாம் வரிசை கட்டி வந்தது. வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போடு என்றார்கள். கோயிலைக் கழித்தேன், கல்யாண மண்டபம் வந்தது. மண்டபத்தைக் கழித்தேன்; பேருந்து கம்பெனி வந்தது. கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் உலகத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை, என் அப்பாவும் மிஞ்சவில்லை. ஆண்டைக் குறுக்கினேன். பழைய செய்தித்தாள்களில் 'மீனவர் பலி' என்று தேடினேன். எத்தனை பேர் பலியாகியிருந்தார்கள் தெரியுமா? அத்தனை பேரும் மூழ்கியிருந்தார்கள். நான் தேடிய ஆள் மட்டும் அதில் இல்லை. பழைய வாக்காளர் பட்டியல் கிடைத்தது, ஆனால் அது வெறும் படம். அதற்குள் சொல்லைப் போட்டுத் தேட முடியாது. கண்ணால் பக்கம் பக்கமாகப் படித்தேன். ஒரு வெளிநாட்டு வம்சாவளித் தளம் என் மூதாதையர் எந்தக் கப்பலில் வந்து இறங்கினார்கள் என்று கேட்டது. கட்டுமரம் என்று எழுதினேன். அப்படி ஒரு கப்பல் தங்கள் பட்டியலில் இல்லை என்றது.

நடுநடுவே என் நோயையும் தேடுவேன். டீ வருவதற்குள் இரண்டு மூன்று வியாதிகளில் செத்துப் பிழைத்திருப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் மவுஸைப் பிடித்த கையாலேயே நாடி பார்த்துக்கொள்வதைக் கவனித்துவிட்டு, "மாமு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீது," என்றார்.

கடைசியில் ஒரு பாடம் உதவியது. ஆளைத் தேடிக் கிடைக்காவிட்டால் அந்த ஆளைச் சுற்றி இருந்தவர்களைத் தேடு என்பது. எங்கள் ஆட்களுக்கு அது பொருந்தும். கடலுக்குப் போகிறவனை ஊரில் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. எந்த விசைப்படகில், எங்கள் பேச்சில் லாஞ்சில், போனான் என்று சொன்னால்தான் தெரியும். வீட்டில் அப்பாவின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. லாஞ்சின் முகப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார், பின்னால் லாஞ்சின் பெயர் பாதி தெரியும். அதைப் போனில் படமெடுத்து, வடசென்னை கரையோரக் குப்பத்துக்காரர்கள் நடத்தும் இணையக் குழுவில் போட்டேன். அப்பா பெயரைப் போடவில்லை. இந்த லாஞ்சில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். மூன்று மாதம் தேடியும் அப்பா சிக்கவில்லை, லாஞ்சு ஒரு வாரத்தில் சிக்கியது. எண்ணூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள், அவளுடைய அப்பா அதில் போனவராம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தை ஒட்டி அவர் வீடு. வயதானவர், கண் மங்கிவிட்டது. படத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். யார் மகன் என்று நான் சொன்னதும் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் நலமா, அம்மா எப்போது போனாள் என்றெல்லாம் விசாரித்தார். எப்படி மூழ்கினார் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். கேள்வியிலேயே பதிலை வைத்துத்தான் கேட்டேன். தலையாட்டினால் போதும், எழுந்து வந்துவிடுவேன்.

"முழுகல நைனா," என்றார். "வலைய இஸ்த்துகினு இருந்தான். இரு வரேன்னு வலை மேலயே குந்துனான். குந்துனவன் சாஞ்சிட்டான். ஒரு சத்தம் இல்ல."

மிச்சத்தை அவர் சொன்னது எனக்காக இல்லை; இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்ததை இறக்கி வைக்கிற மாதிரி சொன்னார். லாஞ்சுக்குள் உயிர் போனால் அந்த லாஞ்சு தீட்டு. அப்புறம் எவனும் அதில் கால் வைக்கமாட்டான். தண்ணீரில் போன உயிருக்குத் தீட்டு இல்லை, கடலாத்தா எடுத்துக்கொண்டதாகக் கணக்கு. அதனால் கரை தெரிவதற்கு முன்னால் அப்பாவின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள்.

"தூக்கிப் போடல. பூவு மாதிரி எறக்குனோம். ஒரு முழுக்கு குட்த்து தூக்கிட்டோம். ஒங்கம்மா தலமுடில தண்ணி சொட்டுறதப் பாத்துட்டு நம்பிட்சி."

அந்த லாஞ்சு அப்புறம் பல வருடம் கடலுக்குப் போனதாம். நல்ல மீன் கிடைத்ததாம். அவர் மேல் கோபம் வருமா என்று காத்துப் பார்த்தேன், வரவில்லை. அவருடைய மகள் கொண்டுவந்த காபியைக் குடித்தேன். என்ன வயசு இருக்கும் அப்பாவுக்கு அப்போது என்று கேட்டேன். உன்னவிடச் சின்னவன் என்றார்.

ரயிலில் திரும்பும்போது என் மூளை தன் வழக்கப்படி ஒரு வேடிக்கையைத் தயார் செய்தது: செத்த பிறகு குளிக்கப் போன ஒரே ஆள் என் அப்பாதான். யாரிடமும் சொல்லவில்லை. எதிர் சீட்டில் ஒரு பெண்பிள்ளை பேக்கை மாட்டிக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் பக்கத்துப் பெட்டிக்கு மாறிவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். சுற்றி வளைத்து, இருமி, மீன் விலையில் ஆரம்பித்துச் சொன்னேன். அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள். மறுநாளே ஸ்கேன் எடுத்தோம். அவளுக்கும் தடித்திருந்தது. கொஞ்சம்தான் என்றார் டாக்டர். இப்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்றார். அந்த நல்லது எங்கே இருக்கிறது என்று நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் வரமாட்டேன் என்கிறது. ஆட்டம் நின்றது. அவள் பூட்ஸை டீமில் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அழுதது அவள் அம்மா. நான் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று நெடுநேரம் பார்த்தேன்.

அப்பாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. என் சின்ன வயதிலேயே அந்தமானுக்கு மீன் பிடிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவர் வழிப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மறுபடி தேடல். லாஞ்சைப் பிடித்த அதே முறையில் பிடித்தேன்: அங்குள்ள துறைமுகம், அங்குள்ள தமிழர் சங்கம், பெரியப்பாவின் முகச்சாயல். முகம் ஏமாற்றவில்லை. பெரியப்பாவின் பேரன், அச்சாக என் மூக்கோடு, ஒரு படத்தில் பைக்கில் உட்கார்ந்திருந்தான்.

நீ என்னை அறியமாட்டாய், நம் குடும்பத்தில் நெஞ்சு நின்று சாகும் வியாதி இருக்கிறது, உடனே போய்ப் பார் என்று எழுதினேன். பதில் உடனே வந்தது. "யாருய்யா நீ, காலங்காத்தால சாவு சேதி சொல்ற? இன்னா பிராடுத்தனம் இது?" என்றான். அப்புறம் நான் எழுதுவது எதுவும் அவனுக்குப் போகாதபடி அடைத்துவிட்டான். அந்தமானிலும் எங்கள் பாஷை கெடவில்லை என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மகள் என் கையிலிருந்து போனை வாங்கிப் படித்தாள். "இப்டி எழுதுனா யார்தான் நம்புவாங்க நைனா," என்றாள். பிறகு தன் போனை எடுத்து, தன் கணக்கிலிருந்து, ஜெர்சி போட்டுக்கொண்டு நிற்கும் தன் படத்தோடு எழுதினாள். எழுதியதை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். "நான் உங்க சின்ன தாத்தாவோட பேத்தி. எனக்கு இருபது வயசு. எனக்கு வந்திருக்கு. நீங்களும் ஒரு தபா பாத்துடுங்க."

நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. பதில் இன்னும் இல்லை.