சவரக் கத்தியும் என் ஓட்டும்

கடந்த பொதுத் தேர்தல் முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் கிள்ளான் நகரில் நான் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கடையில் நடந்தது இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தேக புத்தி. பாசாரில் மீன்காரர் சிரித்துப் பேசினால் என் கண் தராசுக்குத்தான் போகும். அப்படிப்பட்ட நான் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் கொடுத்த ஒரே ஆள் அந்தக் கடைத் தம்பி. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். ஒன்பது வருடமாக எனக்கு அவர்தான் வெட்டுவார். சவரம் முடிந்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி ‘மடக்’கென்று சொடக்கு எடுப்பார் பாருங்கள், மேருவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு வாரம் பட்ட அலுப்பெல்லாம் போய்விடும்.

அன்று பாதி முகம் வழித்தாகிவிட்டது. கத்தி என் தொண்டைமேல் இருக்கிறது. திடீரென்று கேட்டார்.

“அண்ணே, போன எலக்சன்ல நீங்க யாருக்குப் போட்டீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரசியலே பேசாத ஆள். யாராவது கேட்டுச் சொல்லச் சொன்னார்களோ? எங்கள் தொகுதியில் ஜெயித்தவர், வெளிநாட்டுத் தொழிலாளர்களை அனுப்பிவிட்டு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்போம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். அப்போது என் மகன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். நானும் அவருக்கே போட்டேன்.

“ஜெயிச்சவருக்கு நான் போடலப்பா” என்றேன், வாய் கூசாமல்.

கத்தி நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஓட்டுப் போட்டுட்டு விரல்ல மையோட நேரா இங்கதானே வந்தீங்க. கடையில இருந்த எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நான்தாண்ணே அன்னிக்கும் வெட்டினேன்.”

உண்மைதான். அவரை வைத்துக்கொண்டே பெருமை அடித்திருக்கிறேன். வெளிநாட்டுத் தொழிலாளர் என்றால் வேறு யாரோ என்றுதான் என் மனதில் இருந்தது. இவர் நம்ம தம்பி ஆயிற்றே!

“அசையாதீங்கண்ணே, வெட்டிரும்” என்று தாடையை மெல்லத் தூக்கி மீதியை வழித்தார். அது முடியும்வரை நான் எச்சில் விழுங்கவில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டபடி விஷயத்தைச் சொன்னார். அரசாங்கத்தின் புது உத்தரவால் அவருடைய பெர்மிட்டை இனிப் புதுப்பிக்க முடியாதாம். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். மகள் நர்சிங் படிக்கிறாள், படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். அதுவரைக்கும் நீட்டித்தால் போதும்.

“நம்ம தொகுதி வைபி ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நான் போனா நீ யாருன்னு கேப்பாங்க. நீங்க ஓட்டுப் போட்டவரு, உங்களுக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்?”

இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ என்று என் புத்தி ஓடியது. பெர்மிட் ஏற்கெனவே காலாவதியாகியிருந்தால்? என்னையும் சேர்த்து மாட்டிவிட்டால்? அவரிடமே பெர்மிட்டைக் கேட்டு வாங்கி, தேதியை இரண்டு முறை படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போனேன். அங்கிருந்த தமிழ்ப் பெண் பொறுமையாகக் கேட்டாள். நான் கொஞ்சம் சத்தமாகவே, “எங்களைக் கேக்காம இப்படியெல்லாம் செய்யலாமாம்மா?” என்றேன்.

“நீங்கதானே அங்கிள் கேட்டீங்க? உங்க தாமான்ல குடியிருக்கிற ஆளுங்களே சைன் பண்ணிக் கொடுத்தாங்க லா” என்று ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். வெளிநாட்டவர் பெர்மிட்டை உடனே நிறுத்தக் கோரும் மனு. மூன்றாவது வரிசையில் என் பெயர்.

யாரோ என் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். என் கையெழுத்தேதான். தேர்தல் முடிந்த சில வாரத்தில் வீடு வீடாக ஒரு தாள் வந்தது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு, கேட் அருகில் நின்றபடியே போட்டுக்கொடுத்தது நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரும் அதைப் பார்த்தார். வெளியே வந்ததும், “பரவால்லண்ணே, லீவு போட்டு வந்தீங்களே” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார்.

இன்றும் அரசாங்கம் ஏதாவது செய்தால் இதற்கு யார் காரணம் என்று எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் என் கையெழுத்து அதில் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.