ஒரே மனசா?

விழுப்புரத்தில் ஏறிய சென்னை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஓர் உளவியல் பேராசிரியை. நரைத்த கிராப்பு, பெரிய கண்ணாடி. விடைத்தாள் திருத்திக்கொண்டே வந்தவர், ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்பே பேனாவைத் தூக்கிவிடுவார்.

நான் இயற்பியல் டீச்சர். வாய் சும்மா இருக்கவில்லை. “எங்க பாடத்துல எல்லாருக்கும் ஒரே சட்டம். உங்களுதுல ஆளுக்கொரு கட்சி. இது எப்படி மேடம் சயின்ஸு?”

பேனாவை மூடினார். “மனசு வரல, மனசுல நிக்கல, மனசு கேக்கல, மனசு ஒடஞ்சிபோச்சு. நாலும் ஒரே மனசா டீச்சர்?”

நாலையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

“நாங்க ஆளுக்கொண்ணப் புடிச்சிக்கினு இருக்கோம். எல்லாம் ஒண்ணுதானான்னு எங்களுக்கே தெரியலைங்க” என்று சிரித்தார்.

இத்தனை பெரிய ‘தெரியலை’யை இவ்வளவு நிம்மதியாகச் சொன்னவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

திண்டிவனத்தில் இறங்கிப் போனார். பஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது, நானும் அங்கேதான் இறங்கியிருக்க வேண்டும். மனசிலேயே இல்லை.

எந்த மனசில்?