அப்பாவின் முகம் இருந்த ஹார்ட் டிஸ்க்

முதல் பேனரில் இருந்தவர்கள்: மாமா, மாமாவின் தம்பிகள், தம்பிகளின் பிள்ளைகள், மாமாவின் பெயின்ட் கடைக்குச் சரக்கு போடும் ஏஜென்ட், அந்த ஏஜென்டின் தோளில் கைபோட்டு நின்ற யாரோ ஒருவர், கூலிங்கிளாஸ் மாட்டிய ஒரு கைக்குழந்தை. இல்லாதவர்: என் அப்பா.

உறவைச் சொல்லிவிடுகிறேன். மாமா என்பது என் அத்தையின் வீட்டுக்காரர், அதாவது அப்பாவின் தங்கையைக் கட்டியவர். அவருடைய மகனுக்குத்தான் என் அக்காவைக் கொடுத்திருக்கிறோம். அக்காவின் மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது பாலக்கரையில் அவர்கள் வீட்டு வாசலில் வைத்த பேனர் அது. பிள்ளையின் அம்மாவைப் பெற்றவருக்கு அதில் முகம் இல்லை. பெயர் மட்டும் கீழே மூன்றாவது வரியில், 'மற்றும்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது.

அப்பா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். பேனரை அப்பா முகம் முகமாகத்தான் படிப்பார். அன்றைக்கும் மேல் வரிசையை ஒருமுறை பார்த்தார். குனிந்து கீழ் வரிசையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "நான் எங்கடா?" என்றார்.

நான் எழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இதா?" என்றார்.

பின்னாலிருந்து மாமா குரல் கொடுத்தார். "பேர் போட்டிருக்கோம்ல மச்சான். போட்டோ ஒண்ணும் தேறல. ஆதார் கார்டுல இருக்கறதப் போட்டா புள்ள பயந்துக்கும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். மாமா சொன்னதைக்கூட ஒருநாள் விட்டிருப்பேன். அப்பாவைச் சிரிக்க வைத்தாரே, அதை என்னால் விட முடியவில்லை.

அந்த வாரமே பேனர் டிசைன் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். பாலக்கரையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இடம் கொடுத்தார். கல்லூரி விட்டதும் அங்கே போய், செத்தவர்களுக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டேன், புதுமனைப் புகுவிழாக்காரர்களுக்கு வானம் மாற்றினேன். பிறகு வீட்டிலிருந்தே செய்யலாம் என்று தோன்றியதால் ஒரு கம்ப்யூட்டரை நானே கட்டினேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் எங்கள் வீடு, முன்னறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே அதற்கு இடம். மதர்போர்டு ஏலத்தில் எடுத்தது. கேபினெட்டில் ஒரு பக்கத் தகடே கிடையாது. விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. டிஸ்க். படங்களுக்கும் டிசைனுக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று, எங்கோ சர்வரில் ஓடிக் கழற்றியதைச் சல்லிசாக வாங்கினேன். எல்லாம் ஒரே நாளுக்காகத்தான்.

அந்த நாளும் வந்தது. அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு சமயபுரத்தில் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமன் நான். முதல் பிள்ளைக்குச் சீர் வைத்ததோடு நின்றுவிட்டோம், பேனர் வைக்கவில்லை. தாய்மாமன் சீர் என்று தனி பேனர் வைப்பது எங்கள் உரிமை, அதில் யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு மாதமாக வேலை செய்தேன். மணப்பாறை வரை பஸ்ஸில் போய், இதுவரை எந்த பேனரிலும் ஏறாத எங்கள் சொந்தக்காரர்களை அவரவர் வீட்டுச் சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்து வந்தேன். முடி ஓரம், காது ஓரம் பிசகாமல் ஒவ்வொருவரையும் வெட்டி ஒட்டினேன். நடுவில் வெள்ளைச் சட்டையில் அப்பா, ஆள் உயரத்துக்கு மேல். மாமாவுக்குப் படம் இல்லை. பெயர் மட்டும், மூன்றாவது வரியில், 'மற்றும்' போட்டு, பழைய பேனரில் அப்பாவுக்கு எந்த அளவு எழுத்தோ அதே அளவில்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் கடையில் கொடுத்தால்தான் அச்சாகும். அன்று காலையில் கடைசித் திருத்தம் செய்துகொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. எஸ்.எம்.பி.எஸ்., அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, தீய்ந்த வாடை அடித்தது. கழற்றும் முன் எந்த வயர் எங்கே என்று மறக்காமலிருக்க மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கடைக்கு ஓடி, பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி வந்து மாட்டினேன். விண்டோஸ் வந்தது. டி டிரைவை, அதாவது பேனர் இருந்த அந்தப் பெரிய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்.

ரீஸ்டார்ட் செய்தேன். வரவில்லை. விண்டோஸ் வரும் முன் என்னென்ன பாகம் மாட்டியிருக்கிறது என்று காட்டுகிற பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். எஸ்.எஸ்.டி. பெயர் இருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. டேட்டா கேபிளை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன். ஒவ்வொரு போர்ட்டிலும் மாட்டி மாட்டி அணைத்துப் போட்டேன். அந்த வெற்று வரிசையைப் பார்க்கப் பார்க்க எனக்கு மாமாவின் முகம்தான் தெரிந்தது. போட்டோ ஒண்ணும் தேறல மச்சான்.

பிறகு ஹார்ட் டிஸ்க்கின் மேல் காதை வைத்தேன். ஓடினால் உள்ளே ஒரு ரீங்காரம் இருக்கும். கையை வைத்தால் லேசாக அதிரும். இரண்டும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். கொடுத்த கடைக்குப் போன் போட்டேன்.

"சத்தமே வரலன்னா டிஸ்க் போச்சு தம்பி," என்றார் கடைக்காரர். "உள்ள டேட்டா முக்கியமா?"

"முக்கியம்ணே."

"சென்னைக்கு அனுப்பணும். பதினைஞ்சு நாள் ஆகும், கொஞ்சம் காசும் ஆகும். காப்பி எடுத்து வெக்கலையா? படிச்ச புள்ளைதான நீ?"

"என் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸையாவது திருப்பித் தாங்கண்ணே, அதுல போட்டுப் பாக்கறேன்."

"அது அப்பவே பழைய சாமான்காரன் வண்டியில ஏறிடுச்சே."

வைத்துவிட்டேன். உடனே அக்கா கூப்பிட்டாள்.

"டேய், மாமா தன் போட்டோவ அனுப்பட்டுமான்னு கேக்கறாரு. புதுசா ஸ்டுடியோவுல போய் எடுத்தாராம்."

"வேணாம்க்கா. இடம் ஒதுக்கியாச்சுன்னு சொல்லு."

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"இப்பதைக்கு ஒண்ணும் பண்ண முடியல. ஹார்ட் டிஸ்க்கே தெரிய மாட்டேங்குது."

"அத சரி பண்ணு மொதல்ல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு என்னைக் கேட்டாங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதும்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

அந்த வீட்டில் இருக்கிறவளே தடுக்கவில்லை. எனக்குத் தெம்பு வந்தது. டிஸ்க் செத்துவிட்டது என்பதை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் ஓடியது, அதை யாரும் தட்டவில்லை, கீழே போடவில்லை. மாறியது எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான். மொபைலில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, புதிய வயரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற கனெக்டரில் நாலு வயர்: மஞ்சள், கறுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு. புதியதில் ஐந்து. கூடுதலாக ஓரத்தில் ஒரு ஆரஞ்சு வயர்.

மொபைலில் தேடினேன். சர்வரிலிருந்து கழற்றிய டிஸ்க், புது எஸ்.எம்.பி.எஸ்., ஓடவில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போட்டேன். எந்த ஊர்க்காரரோ ஒருவர் இதே கஷ்டத்தில் புலம்பியிருந்தார். அவருக்கு இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். அந்த வகை டிஸ்க்குகளில் கனெக்டர் மாட்டுகிற முனைகளில் மூன்றாவது பின்னுக்குக் கரண்ட் வந்தால் 'நீ சும்மா இரு' என்று அர்த்தமாம். சர்வர் அறையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே டிஸ்க்கை அணைப்பதற்கு வைத்த ஏற்பாடு. அந்தப் பின்னுக்குக் கரண்ட் கொண்டுபோவது ஆரஞ்சு வயர். பழைய பெட்டியில் ஆரஞ்சு இல்லை, டிஸ்க் ஓடியது. புதிய பெட்டி ஒரு பக்கம் கரண்ட்டும் கொடுத்து, மறுபக்கம் பேசாதே என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. டிஸ்க்கும் மரியாதையாகப் பேசாமல் இருந்தது.

வயரை வெட்டினால் போதும் என்று எழுதியிருந்தார். வெட்டினால் வாரண்டி போகும் என்றும் எழுதியிருந்தார்.

அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அம்மா பால் பாக்கெட் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

"புதுசுடா அது," என்றார் அப்பா.

"தெரியும்ப்பா."

"இன்னிக்குத்தான வாங்கின?"

"ஆமா. டார்ச்சக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். ஆரஞ்சு வயரை மட்டும் நகத்தால் பிரித்து இழுத்து வெட்டினேன். அவ்வளவு திருப்தியாக வேறு எதையும் நான் வெட்டியதில்லை. முனையில் டேப் சுற்றி, கனெக்டரை மாட்டி, சுவிட்ச்சைப் போட்டேன். இரண்டு பேரும் ஹார்ட் டிஸ்க்கையே பார்த்தோம். ஒரு கிளிக். பிறகு தாழ்ந்த குரலில் எழும்பி மேலே போன ரீங்காரம்.

"ஏதோ சத்தம் வருதே," என்றார் அப்பா.

"வரட்டும்ப்பா. நல்லா வரட்டும்."

டி டிரைவ் வந்தது. ஃபோல்டர் வந்தது. பேனர் திறந்தது. முதல் காரியமாக பென் டிரைவில் ஒரு காப்பி போட்டேன். அப்பா அதுவரை அதைப் பார்த்ததில்லை. ஸ்கிரீன் முன்னால் குனிந்து, வெள்ளைச் சட்டையில் தன்னைப் பார்த்தார். விரலை வைத்து வரிசை வரிசையாக மற்றவர்களைத் தேடினார்.

"தங்கச்சி மாப்ளைய காணோம்?"

"பேர் போட்டிருக்கேன்ப்பா."

"எங்க, காட்டு."

காட்டினேன். ரொம்பநேரம் பார்த்தார். தங்கச்சி வீட்டுக்காரர், சம்பந்தி, பெண் அங்கே இருக்கிறாள், மாற்றிவிடு என்று சொல்லிவிட்டால் நான் மாற்றித்தான் ஆக வேண்டும்.

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கோ?" என்றார்.

"அப்ப உங்க பேரு இவ்ளோதான்ப்பா இருந்துச்சு. அளந்துதான் போட்டேன்."

"அளந்தியா?"

"ஆமா."

"அப்ப சரி," என்று முகம் கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை அச்சாகி, சனிக்கிழமை காலை சமயபுரத்தில் மண்டபத்து வாசலுக்குள் பேனரை நிறுத்தினேன். மதியம் சமையல் சாமான்களோடு மாமா வந்தார். வண்டியிலிருந்து இறங்கினவர் அப்படியே நின்றார். மேல் வரிசை பார்த்தார். கீழ் வரிசை பார்த்தார். படத்திலிருந்த என் அப்பாவுக்கு நேர் எதிரே, அவர் முழங்கால் உயரத்தில் நின்று தேடினார். மாமாவுக்குப் படிக்கத் தெரியும், அதனால் பெயரைக் காட்ட ஆள் தேவைப்படவில்லை. அரிசி மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து சீர்த்தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு அர்ஜென்ட். சமயபுரம் காதுகுத்து. ஒரே ஆள் படம், இருபதுக்குப் பத்து. இன்னும் ரெண்டு மணி நேரத்துல வேணுமாம். ஆளு இங்கதான் கொதிச்சுப்போய் நிக்கறாரு. எவ்ளோ ஆனாலும் பரவாயில்லங்கறாரு."

அவர் அனுப்பிய படத்தைத் திறந்தேன். ஸ்டுடியோவில் எடுத்த மாமா.

"அண்ணே, டிசைன் யாருன்னு சொல்லாதீங்க."

"சொல்லல. ஆனா ஒரு விஷயம். தலையில கொஞ்சம் முடி வெக்கச் சொல்றாரு. முன்னாடி ரொம்ப ஏறிடுச்சாம்."

"வெக்கலாம்ணே. தனி சார்ஜ்."

"அதையும் வாங்கிடலாம்."

உட்கார்ந்து செய்தேன். ஹார்ட் டிஸ்க் நன்றாக ஓடியது. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சூரியன் கேட்டார், தோளுக்குப் பின்னால் சூரியன் வைத்தேன். சிங்கம் கேட்டார், சிங்கம் வைத்தேன். முடியை மட்டும் அவர் கேட்டதைவிடக் கொஞ்சம் தாராளமாக, நெற்றியில் சுருண்டு விழுகிற மாதிரி வைத்தேன். கடையில் மொபைலில் பார்த்துவிட்டு அவர் இதுதான் வேண்டும் என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வாசல் தெரிந்தது. எங்கள் பேனருக்குப் பக்கத்தில் அதைவிட இரண்டு மடங்கில் மாமா நின்றார். அதன் கீழே நிஜ மாமா வேட்டி நுனியைப் பிடித்தபடி வந்தவர்களை வரவேற்றார். வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி மேலே பார்த்தார்கள். ஒரு அம்மாள் என் அத்தையிடம், "யாரு இது, உங்க கொழுந்தனாரா?" என்று கேட்டாள்.

"இல்ல, எங்க வீட்டுக்காரர்தான்," என்றாள் அத்தை. "கல்யாணத்தப்பவே இவ்ளோ முடி கெடையாது."

பிள்ளைக்குக் காது குத்தும்போது பிள்ளைதான் அழுதது, என் பக்கத்துச் சொந்தமெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. என் அப்பா அடக்கவே இல்லை. அவராகவே சிரித்தார், யாரும் அவரைச் சிரிக்க வைக்கவில்லை.

எனக்கு ஆன செலவை நான் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு ஆனது கடைக்காரர் சொல்லித் தெரியும்: ஃப்ளெக்ஸ், சட்டம், அர்ஜென்ட் சார்ஜ், டிசைன், முடிக்குத் தனியாக ஐந்நூறு, எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.