அப்பாவின் கட்டில் கூடத்துக்கு வந்த வயது

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனுஷருக்கு வயது நாற்பத்து மூன்று. பதினெட்டாவது மாடியில் மோட்டார் அறை விளிம்பில் குனிந்து எட்டிப் பார்க்கும்போது வராத நடுக்கம், ஆறு மாதமாகப் படுக்கையறைக் கதவைச் சாத்தும்போது வந்தது. ஆசை இருந்தது, உடம்புதான் கை கொடுக்கவில்லை.

பல்வலி என்றால் தெருவுக்கே சொல்லிக்கொண்டு திரிகிற ஆள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? முதுகு பிடித்துக்கொண்டது, தலை வலிக்கிறது என்று தினம் ஒரு சாக்குச் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவர் தொழிலில் அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஒரே நாளில் மாட்டிய இரட்டை லிஃப்டில் ஒன்றுக்கு பிரேக் தேய்ந்தால், மற்றதைத் திறந்துகூடப் பார்க்காமல் அதற்கும் மாற்றிவிடுவார். அதே கணக்கைத் தனக்கும் போட்டார். அப்பா தன் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டபோது அவருக்கும் ஏறக்குறைய இதே வயது. “உள்ள காத்தே வரலடா” என்றார். கூடத்தில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது! அப்படியானால் இது பரம்பரை, நம் கதை முடிந்தது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். என்ன புத்தியோ!

மனைவி ஒருநாள் துணி மடித்துக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டாள். “வேற யாராவது இருக்காங்களா? மறைக்காம சொல்லிடுங்க.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, சத்தியமா இல்லம்மா” என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

“இதுக்கா என்னை ஆறு மாசம் அழ வச்சீங்க?” அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அப்பாகிட்டேருந்து வந்தது டாக்டர், இனி ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?” என்றார் இவர், தரையைப் பார்த்தபடி.

“குடும்பத்துல வரலாம். ஆனா அதுவே தலையெழுத்து இல்ல. அப்பா எப்படி இறந்தாரு?”

“நெஞ்சுவலி. அம்பத்தொரு வயசு. சுகர் இருந்ததே ஆஸ்பத்திரிலதான் தெரிஞ்சுது.”

ரத்தம் எடுத்தார்கள். இவருக்கும் சர்க்கரை எக்கச்சக்கம்.

“உங்க வீட்டுல தொடர்ந்து வர்றது இதுதான் போலிருக்கு” என்றார் டாக்டர். “ரத்தக்குழாய் கெட ஆரம்பிச்சா, நெஞ்சுல தெரியறதுக்கு முன்னாடி இந்த விஷயத்துலதான் பல பேருக்குத் தெரியும். உங்களுக்கு மருந்து இருக்கு, இதயத்தையும் பாத்துடலாம். கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?”

அண்ணன்! பஸ் ஓட்டுகிறவர். வயது நாற்பத்தொன்பது. அப்பா போன வயதுக்கு இன்னும் இரண்டே வருஷம். அந்த அண்ணனிடம் வீட்டுவிஷயம், வாடகைவிஷயம் தவிர வேறு எதுவும் அவர் பேசியதே கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனை மூன்று முறை எடுத்து மூன்று முறை பைக்குள் போட்டார். கடைசியில் மனைவிதான் எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தாள்.

“அண்ணே, திட்டாம கேளுங்க. உங்களுக்கு... அந்த விஷயத்துல... ஏதாவது கஷ்டம் இருக்கா?”

அண்ணன் குரல் கம்மலாக வந்தது.

“உங்க அண்ணி சொன்னாளாடா?”

“இல்லண்ணே. எனக்கும் இருக்கு” என்றார் தம்பி. “நாளைக்கு வண்டி எடுக்காதீங்க. காலைல எதுவும் சாப்பிடாம இருங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”